காட்டுப் பாதையும் இருவழி வானொலியும்



இவ்வேளையில் நான் பேசுகின்றேன், நீங்கள் கேட்கின்றீர்கள். நான் கூறுவதில் உங்களுக்கு ஐயம் எழுந்தாலும், மறுப்புத் தோன்றினாலும், அதனை உங்கள் வானொலிப் பெட்டியை நோக்கிச் சொல்லிப் பயனில்லை. அது என் செவிக்கு எட்டாது. 1925ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிய காலம் முதல் நாம் பழகிவந்த வானொலி இத்தகையது. ஓரிடத்தில் ஒருவர் பேச, ஊரெல்லாம் இருந்து கேட்கும்.

வேறொரு வகை வானொலியும் உண்டு. அதிலே கேட்பவரே பேசுபவர், பேசுபவரே கேட்பவர். பொலிசாரிடத்தும் கட்டட வேலைத்தலங்களிலும் 'வோக்கி-டோக்கி' என்ற பெயரோடு அதனை நீங்கள் கண்டிருப்பீர்கள். இருவழி வானொலி என்று தமிழிற் கூறலாம். இக்கருவியை எப்படித் தெரிவது, எப்படிக் கையாள்வது என்பவற்றை, அது மனித உயிரோடு நேரே தொடர்புடையதாய் விளங்கும் ஓரிடத்தை முன்வைத்து இன்று சொல்ல விரும்புகின்றேன். அவ்விடம் கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பிரித்தானிய கொலம்பியா மாகாணம். நம் நாட்டிலிருந்து சென்று கனடாவிற் குடியேறிய தமிழர் பல்லாயிரவர். அவர்களிற் பெரும்பாலோர் கிழக்கே ரொறன்ரோ நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து வாழ்பவர்களேனும், விடுமுறைக் காலத்தில் மேற்கு மலைகளைக் காணச் செல்வோரும் அவர்களுள் உளர். ஆகையால், இப்பொருள் நமக்கு முற்றும் அயலானது என்று தள்ளிவிடுவதற்கில்லை.

முதலில் அந்தப் பாதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரித்தானிய கொலம்பியா நம் இலங்கையைப் போலப் பதினான்கு மடங்கு பரப்புடையது. அதிற் பாதிக்கு மேற்பட்ட நிலம் காடு. அந்நிலத்தின் மிகப் பெரும் பகுதி அரசுக்கு உரியது. ஊசியிலை மரங்களை வெட்டி ஆலைகளுக்குக் கொண்டுவருவதற்காகவும், சுரங்கங்களுக்கும் எரிவாயுக் கிணறுகளுக்கும் சென்று வருவதற்காகவும் மலையையும் காட்டையும் ஊடறுத்துப் பல்லாண்டுகளாகப் பாதைகள் வெட்டப்பட்டு வந்துள்ளன. அவற்றின் மொத்த நீளம் 6 இலட்சம் கிலோமீற்றருக்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. இவை தாரிட்ட பெருந்தெருக்கள் அல்ல; கிரவல் பாதைகள். பல இடங்களில் ஒரு வண்டிக்கு மட்டுமே அகலம் உண்டு. ஒரு பக்கம் மலைச்சுவர். மறு பக்கம் பள்ளம். ஆங்காங்கே ஒரு வண்டி ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிடத்தக்க அகன்ற இடங்களை அமைத்திருப்பர். அவ்விடங்களைத் தவிர்த்தால், இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடப்பது அரிது.

அப்பாதையில் எதிரே வருவது யாது? முழுநீள மரக்குற்றிகளை அடுக்கிய லொறி. அந்த மாகாணத்தின் பெருந்தெருக்களிலேயே லொறியும் பாரமும் சேர்ந்து 63 தொன் வரை செல்லச் சட்டம் இடங்கொடுக்கின்றது. காட்டுக்குள்ளேயே ஓடும் லொறிகள் சில அதனினும் கனமானவை. இறக்கத்திற் பாரத்தோடு வரும் அந்த வண்டியைச் சாரதி நினைத்த மாத்திரத்தில் நிறுத்த இயலாது. பின்னோக்கிச் செலுத்தவும் இயலாது. ஆகவே ஒதுங்க வேண்டியது சிறிய வண்டி. ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். இடத்தை அடைவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தருவதற்காகவே வானொலி.

தொழிலாளர் மட்டும் போகும் பாதைகளாயின் இஃது அவர்களுடைய தொழிற் பிரச்சினை என்று விட்டுவிடலாம். ஆனால் மீன்பிடிப்போர், வேட்டையாடுவோர், காளான் பொறுக்குவோர், ஏரிக்கரையிற் கூடாரம் அடித்துத் தங்குவோர் முதலிய பலரும் இப்பாதைகளைப் பயன்படுத்துகின்றனர். சில பழங்குடி ஊர்களுக்கு வெளியுலகத்தோடுள்ள தரைவழி இதுவே. வன்கூவர் தீவின் மேற்குக் கரையிலே பாம்பீல்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே கடலாராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கின்றது. போர்ட் அல்பேர்னி நகரிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர்ப் பாதை, மர லொறிகள் ஓடும் கிரவல் பாதையாக நெடுங்காலம் இருந்தது. 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் திகதி இரவு, விக்ரோரியாப் பல்கலைக்கழக மாணவர்களை அந்நிலையத்துக்கு ஏற்றிச்சென்ற பஸ் வண்டி, ஒடுங்கிய ஓரிடத்தில் எதிர்வந்த வண்டியொன்றைக் கடக்கும்போது பாதையோரத்தை விட்டு விலகிச் சரிவில் உருண்டது. மாணவர் இருவர் மாண்டனர். அப்பகுதியின் ஹூ-ஐ-அட் பழங்குடி மக்கள் அதற்கு முன்பே தம் உறவினரை அந்தப் பாதையிற் பறிகொடுத்து, அதனைத் திருத்தித் தருமாறு பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தவர்கள். திருத்தவேலை நடைபெற்று, 2023ஆம் ஆண்டிற் பாதைக்கு மேற்பூச்சு இடப்பட்டது.

ஒரு வானொலி இருந்திருந்தால் அந்த விபத்து நேர்ந்திராது என்று கூற நான் முன்வரவில்லை. இருளும் மழையும் பாதையின் நிலையும் அங்கே சேர்ந்திருந்தன. ஆயினும், இத்தகைய பாதையில் ஆபத்து எந்த இடத்தில் இருக்கின்றது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. இரு வண்டிகள் சந்திப்பதில் ஆபத்தில்லை. ஒடுங்கிய இடத்திற் சந்திப்பதிலேயே ஆபத்து. எங்கே சந்திக்கப் போகின்றோம் என்பதை முன்னதாக அறிந்து, அகன்ற இடத்திற் காத்து நிற்பதற்கு இருவழி வானொலி துணைசெய்கின்றது.

அது துணைசெய்யும் வகையை நோக்குவோம். இப்பாதைகளின் ஓரத்திலே, பாதை தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எண் பொறித்த பலகை நாட்டியிருப்பர். சாரதி ஒரு பலகையைக் கடக்கும்போது, வானொலியிலே நான்கு செய்திகளைச் சொல்கின்றார்: பாதையின் பெயர், கிலோமீற்றர் எண், போகும் திசை, வண்டியின் வகை. ஹூஸ்ரன் என்னும் சிற்றூரை அடுத்து, மோரிஸ் ஆற்றுப் பக்கமாகச் செல்லும் வனப்பாதையை உதாரணமாகக் கொள்வோம். அங்கே ஒருவர் "மோரிஸ், 14 கிலோமீற்றர், மேல், பிக்கப்" என்கின்றார். சற்று நேரத்தில் மறுகுரல் கேட்கின்றது: "மோரிஸ், 20 கிலோமீற்றர், கீழ், பாரமேற்றிய லொறி". பேச்சு அவ்வளவே. வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. ஆனால் அந்தச் சில சொற்களில் வேண்டிய யாவும் அடங்கியுள்ளன.

பிக்கப் சாரதி மனத்திலே கணக்கிடுகின்றார். இடையிலுள்ள தூரம் 6 கிலோமீற்றர். இரு வண்டிகளும் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், நெருங்கும் வேகம் 120. அதாவது நிமிடத்துக்கு 2 கிலோமீற்றர். ஆகவே மூன்று நிமிடத்தில், 17ஆம் கிலோமீற்றரளவிற் சந்திப்பு நேரும். அதற்கு முன்னே 16ஆம் கிலோமீற்றரில் ஒதுங்குமிடம் இருப்பின், அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்திக்கொண்டு, "16இல் ஒதுங்கி நிற்கின்றேன்" என்று அறிவித்துவிட்டால், லொறிச் சாரதி மனக்கவலையின்றி இறங்கி வருவார். மூன்று நிமிடம் என்பது வீட்டில் இருப்போர்க்குச் சிறிது. அந்தப் பாதையில் அது தாராளமான நேரம். முன்னறிவிப்பு இன்றி ஒரு வளைவிற் சந்திப்பார்க்குக் கிடைப்பவை சில செக்கன்களே.

இங்கே 'மேல்', 'கீழ்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். இவை ஏற்றத்தையும் இறக்கத்தையும் குறிப்பன அல்ல. கிலோமீற்றர் எண் கூடும் பக்கம் மேல்; குறையும் பக்கம் கீழ். பாதை பள்ளத்தை நோக்கி இறங்கினாலும், பலகையில் எண் கூடுமாயின் நாம் மேலே போகின்றோம் என்றே சொல்ல வேண்டும். புதிதாக வருவோர் தடுமாறும் இடம் இது. முற்காலத்தில், 'வெறுமை', 'பாரம்' என்று அழைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. வெறும் லொறி காட்டுக்குள் போகும். பாரமேற்றிய லொறி வெளியே வரும் என்பது அதன் கருத்து. மரம் ஏற்றுவோர் மட்டும் பாதையில் ஓடிய காலத்துக்கு அது பொருந்திற்று. சுரங்கத்துக்குப் பாரத்தோடு உள்ளே போகும் லொறிக்கும், பாரமே ஏற்றாத பிக்கப் வண்டிக்கும் அச்சொற்கள் எப்படிப் பொருந்தும்? ஆகையால் எண்ணைக் கொண்டு திசையைக் குறிக்கும் முறை நிலைபெற்றது.

இனி, எந்த அலைவரிசையிற் பேசுவது என்ற கேள்வி எழுகின்றது. எல்லாரும் பேசினாலும், வேறு வேறு அலைவரிசையிற் பேசினால் ஒருவர் குரல் மற்றவர்க்குக் கேளாது. முன்னர் அந்தந்தக் கம்பனி தனக்கென்று பெற்ற அலைவரிசையைத் தன் பாதையிற் பயன்படுத்தி வந்தது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குச் செல்லும் சாரதி எதனைத் தெரிந்துகொள்வது என்று திகைக்கும் நிலை உண்டாயிற்று. 2010ஆம் ஆண்டை அடுத்துவந்த ஆண்டுகளிலே மாவட்டம் மாவட்டமாக இந்நிலை மாற்றப்பட்டது. வனப்பாதைகளுக்கென 35 பொது அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டு, 'ஆர். ஆர். 1' முதல் 'ஆர். ஆர். 35' வரை பெயரிடப்பட்டன. மரம் ஏற்றும் களங்களில் வேலைசெய்வோர் தமக்குள் பேசுவதற்கு வேறு ஐந்து அலைவரிசைகள் கொடுக்கப்பட்டன. பாதை தொடங்கும் இடத்திலே, அங்கே எந்த எண்ணிற் பேச வேண்டுமென்று பலகையில் எழுதியிருக்கும். எந்தெந்தப் பலகையருகே கட்டாயம் அழைக்க வேண்டுமென்பதும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பலகையை நின்று வாசிக்காமல் உள்ளே நுழைபவர், கையில் எத்துணை உயர்ந்த கருவி வைத்திருந்தாலும் ஊமையும் செவிடருமே ஆவர்.

கருவியைத் தெரிவது எப்படி என்பதற்கு வருவோம். கடைகளிலே சோடியாக விற்கப்படும் சிறிய வோக்கி-டோக்கிகளைப் பலரும் வாங்குகின்றனர். அவற்றைப் பயன்படுத்தக் கனடாவில் அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை, விலையும் குறைவு. முன்னும் பின்னும் செல்லும் இரு குடும்ப வண்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள அவை போதும். ஆனால் அவை இயங்குவது 462 மெகாஹேர்ட்ஸ், 467 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளில். வனப்பாதை அலைவரிசைகளோ 150 மெகாஹேர்ட்ஸ் பகுதியைச் சார்ந்தவை. ஆகையால் அந்தச் சிறு கருவியை வைத்துக்கொண்டு எத்துணை உரக்கக் கூவினும் லொறிச் சாரதிக்குக் கேளாது; அவர் கூறுவதும் நமக்குக் கேளாது. பெருந்தெருக்களில் லொறிக்காரர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் சி. பி. என்னும் பொதுமக்கள் வானொலி 27 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் இயங்குவது. அதுவும் இங்கே உதவாது. 'வானொலி இருக்கின்றது' என்ற எண்ணம் மட்டும் மனத்தில் இருந்து, உரிய வானொலி இல்லாதிருப்பது ஒன்றுமே இல்லாதிருப்பதிலும் கேடு. ஏனெனில், ஒன்றும் இல்லாதவர் அஞ்சி மெல்லச் செல்வர்.

வேண்டிய கருவி, வி. எச். எவ். எனப்படும் மிகையதிர்வெண் வகையைச் சேர்ந்த தொழில்முறைக் கருவி. இதிலும் கையிற் பிடிப்பது, வண்டியிற் பூட்டுவது என இருவகை உண்டு. கையிற் பிடிப்பது பெரும்பாலும் 5 வாற்று வலுவுடையது. பூட்டுவது 25 முதல் 50 வாற்று வரை வலுவுடையது. வலுவின் வேறுபாட்டைக் காட்டிலும் முக்கியமானது ஏரியல். 150 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீற்றர். அதன் காற்பங்காகிய அரை மீற்றர் நீளமுள்ள கம்பி அந்த அலைக்கு இசைவாக வேலைசெய்யும். அக்கம்பியை வண்டியின் உலோகக் கூரையின் நடுவே நிறுத்தினால், கூரை முழுதும் அதற்குத் துணையாகி அலை நாற்புறமும் சமமாகப் பரவும். கைக்கருவியின் குட்டையான றப்பர் ஏரியலோ இசைவிற் குறைந்தது. அதனையும் இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்து பேசினால், அலையின் ஒரு பகுதியை வண்டியே தடுத்துவிடும். கைக்கருவி ஒன்றே உள்ளவர், கூரைமேல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் ஏரியலை வாங்கி அதனோடு இணைத்துக்கொண்டால் பெரும் பயன் அடைவர். கதவிடுக்கில் வடம் நசுங்காது பார்த்துக்கொள்ள வேண்டும். நசுங்கிய வடம் நல்ல கருவியையும் கெடுத்துவிடும்.

வலு பத்து மடங்கு கூடினாற் கேட்கும் தூரமும் பத்து மடங்கு கூடும் என்று எண்ணலாகாது. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. இடையிலே மலை நின்றால், அதன் பின்புறம் நிழல் விழுவது போல அலைக்கும் நிழல் உண்டாகும். அந்நிழலில் உள்ளவர்க்கு 50 வாற்றுக் கருவியின் குரலும் எட்டாது போகலாம். இதனை நினைவில் வையுங்கள்; மீண்டும் இதற்கு வருவேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த அலைவரிசைகளிற் பேசுவதற்குக் கனடா மத்திய அரசின் புத்தாக்க, அறிவியல், பொருளாதார வளர்ச்சித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. கருவியும் அப்பணிக்கென அத்திணைக்களத்தின் சான்று பெற்றதாக இருத்தல் வேண்டும். எந்த அலைவரிசையிலும் பேசத்தக்க மலிவான கைக்கருவிகள் இக்காலத்தில் எங்கும் விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு கருவி ஓர் அலைவரிசையிற் பேச வல்லது என்பதனால், அதிற் பேச உரிமை வந்துவிடாது. தெரிந்த வானொலிக் கடைக்காரரிடம் கொடுத்து, 35 அலைவரிசைகளையும் ஒழுங்காகப் பதிவுசெய்து வாங்குவதே முறை. ஒரே எண்ணைத் தவறாகப் பதிந்துவைத்தாலும், அந்த எண்ணுக்குரிய பாதையிற் செல்லும் நாளில் அத்தவறு நம்மை வந்து சேரும். ஆதலாற் காட்டுக்குள் நுழையுமுன், பாதைத் தொடக்கத்தில் வேறொரு வண்டிக்காரரைக் கண்டால், ஒரு சொல் பேசிக் கேட்கின்றதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

இனிப் பேசும் முறை. முதலாவது விதி, பேசுமுன் கேட்டல். அலைவரிசையிற் பிறர் பேசிக்கொண்டிருந்தால் முடியுமளவும் பொறுக்க வேண்டும். பொத்தானை அழுத்தியவுடனே பேசத் தொடங்கினால் முதற்சொல் துண்டிக்கப்பட்டுவிடும். முதற்சொல்லோ பாதையின் பெயர். ஆகவே அழுத்தி, ஒரு செக்கன் பொறுத்து, பிறகு பேச வேண்டும். ஒலிவாங்கியை வாய்க்குச் சற்று விலக்கிப் பிடித்து, இயல்பான குரலில் நிறுத்திச் சொல்ல வேண்டும். கத்தினால் குரல் சிதையும். சொன்னதும் பொத்தானை விட்டுவிட வேண்டும். ஒலிவாங்கி இருக்கையிடுக்கில் அகப்பட்டுப் பொத்தான் அழுந்தியபடியே கிடந்தால், அருகிலுள்ளோர் அனைவரின் வானொலியும் அடைபட்டுப் போகும். அறியாமற் செய்யப்படும் பெருந்தீங்கு அது.

பல வண்டிகள் கூட்டமாகச் சென்றால், ஒவ்வொன்றும் அழைப்பது வீண் இரைச்சல். முதல் வண்டி 'ஐந்து வண்டிகள்' என்று சொல்லி அழைக்க, கடைசி வண்டி தன் இடத்தை அறிவித்தாற் போதும். எதிரே வருபவர், ஐந்தும் கடந்தன என்று அறிந்த பின்பே புறப்படுவார். கிளைப்பாதை பிரியும் இடத்தில் வேறு எண் எழுதிய பலகை நிற்கும்; அங்கே அலைவரிசையை மாற்ற மறக்கலாகாது. மாறுமுன், இப்பாதையை விட்டு நீங்குகின்றோம் என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நீங்கினால், இல்லாத வண்டிக்காக யாரோ ஒருவர் ஒதுங்கி நின்று காத்துக்கொண்டிருப்பார். வம்பளப்பும் வேடிக்கைப் பேச்சும் இந்த அலைவரிசைக்கு உரியன அல்ல. நாம் பேசும் ஒவ்வொரு செக்கனும், வேறொருவர் தம் இடத்தைச் சொல்ல இயலாத செக்கன் என்பதை நினைத்தால் நா தானே அடங்கும்.

நேயர்களே, இதுவரை கூறியவற்றையெல்லாம் ஒருவர் செவ்வனே செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கருவி, உரிய ஏரியல், சரியான எண். 14ஆம் பலகையில் அழைக்கின்றார். மறுகுரல் இல்லை. 15இல் அழைக்கின்றார். அங்கும் மறுகுரல் இல்லை. 'பாதையில் எவரும் இல்லை' என்று எண்ணி வேகத்தைக் கூட்டுகின்றார். ஆபத்து இங்கேதான் பிறக்கின்றது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் பழமொழி. அந்தக் காட்டுப் பாதையில் மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டவர் ஏமாறுவர்.

ஏன் மௌனம் நிலவுகின்றது? எதிரே வருபவர் மலைநிழலில் இருக்கலாம். முன்னே சொன்னபடி அவர் குரல் நமக்கு எட்டாது. அவர் முந்திய கிளைப்பாதையின் எண்ணிலேயே வானொலியை விட்டிருக்கலாம். ஒலியைக் குறைத்து வைத்துக் கூட்டாளியோடு பேசிக்கொண்டிருக்கலாம். அவரிடம் வானொலியே இல்லாதிருக்கலாம். மீன்பிடிக்க வந்த குடும்பத்தாரிடமும் சைக்கிளில் வருபவரிடமும் அதனை எதிர்பார்க்க முடியாது.

இவற்றையெல்லாம் விட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. இக்கருவி பேசும்போது கேளாது, கேட்கும்போது பேசாது. நான் பொத்தானை அழுத்தி 14 என்று சொல்லும் அதே நான்கு செக்கன்களில், எதிரே வருபவரும் பொத்தானை அழுத்தி 18 என்று சொன்னால், இருவர் செவியிலும் ஒன்றும் விழாது. நானும் அழைத்தேன், அவரும் அழைத்தார். விதியை இருவரும் காத்தோம். ஆயினும் பாதை வெறுமை என்றே இருவரும் எண்ணுவோம். அருகில் மூன்றாமவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தாலும் பயனில்லை. எவ். எம். என்று நாம் வழங்கும் பண்பேற்ற முறையில், ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதினால் வலிமையுள்ள குரலைக் கருவி பற்றிக்கொண்டு மெலிந்த குரலை விழுங்கிவிடும். இரண்டும் குழம்பி ஒலித்தாலாவது யாரோ ஒருவர் பேசினார் என்று அறியலாம். பெரும்பாலும் அந்தக் குழப்பமும் கேட்பதில்லை. ஒரு குரல் தெளிவாகக் கேட்க, மற்றது இருந்த சுவடே தெரியாது போகும்.

ஆகவே, வானொலியிற் கேட்ட செய்தியை நம்பலாம். கேளாத செய்தியை நம்பலாகாது. 'லொறி வருகின்றது' என்று கேட்டால் வருகின்றது என்று கொள்ளுங்கள். ஒன்றும் கேளாவிடில், அடுத்த வளைவில் லொறி நிற்கின்றது என்றே எண்ணி வண்டியைச் செலுத்துங்கள். அந்த மாகாண அரசு தன் மக்களுக்குக் கூறும் அறிவுரையும் இதனையே வற்புறுத்துகின்றது. பாதையின் நிலையையும் கண்ணுக்கெட்டும் தூரத்தையும் பார்த்து ஓட்டுங்கள், வானொலியை மட்டும் நம்பாதீர்கள் என்பதே அதன் சாரம்.

கண்ணுக்கெட்டும் தூரம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இரு வண்டிகள் செல்லும் அகலமான தெருவில், தெரியும் தூரத்துக்குள் நிறுத்தும் வேகம் போதும். ஒருவண்டிப் பாதையில், எதிரே வருபவரும் நிறுத்தியாக வேண்டும். அவருக்கும் தூரம் வேண்டும். ஆதலால் தெரியும் தூரத்தின் பாதிக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திற் செல்ல வேண்டும். வளைவுக்கு அப்பால் 60 மீற்றர் தெரிந்தால், நமக்குரியது 30 மீற்றரே. பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும். லொறி எழுப்பிய புழுதி அடங்குமளவும் ஒதுங்கிய இடத்தை விட்டுப் புறப்படலாகாது; அதன் பின்னே இன்னொரு லொறி வரக்கூடும். படம் எடுக்கவென்று வளைவில் வண்டியை நிறுத்தலாகாது. கனடாவில் வண்டிகள் வலப்பக்கமாகச் செல்பவை என்பதை, இடப்பக்கமே பழகிய நம்மவர் அவசரத்தில் மறந்துவிடுதலும் கூடும்.

இன்னொன்று. அந்த அலைவரிசைகளை எந்த அலுவலகத்திலும் ஒருவர் இரவும் பகலும் காத்திருந்து கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை லொறிகள் ஓடாத நாளில், உதவி கேட்டு நாம் எழுப்பும் குரல் மரங்களுக்கிடையே கரைந்துவிடலாம். கைத்தொலைபேசியும் அப்பகுதிகளிற் பெரும்பாலும் வேலைசெய்யாது. ஆகையால், செய்மதி மூலம் செய்தி அனுப்பும் கருவியொன்றைக் கொண்டுசெல்வதும், எங்கே போகின்றோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்வதும் அறிவுடைமை. அது கருவி வாங்கும் செலவில்லாத காவல்.

நம் மலைநாட்டுப் பாதைகளில், வளைவுக்கு வளைவு ஹோண் அடித்துச் செல்லும் பஸ் சாரதிகளை நீங்கள் அறிவீர்கள். எதிரே எவரும் இல்லை என்று நினைத்து அவர் ஹோண் அடிப்பதை விடுவதில்லை; மறுஹோண் கேளாததனால் வளைவை வெட்டித் திரும்புவதுமில்லை. இருவழி வானொலியைக் கையாளும் மனப்பான்மையும் அதுவே. நம் இடத்தைப் பிறர்க்குச் சொல்வது நம் கடமை. அவர் கேட்டார் என்பதற்கு, அவர் வாய்மொழியைத் தவிர வேறு உறுதி இல்லை.

என் பேச்சு முடிகின்றது. நீங்கள் கேட்டீர்களா இல்லையா என்பதை அறிய எனக்கு வழியில்லை. எனக்கு அதனாற் கேடுமில்லை. காட்டுப் பாதையிற் பாரத்தோடு இறங்கிவரும் சாரதிக்கு அந்த வசதி கிடையாது. அவர் சொன்னதை ஒருவர் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் நம்மவராக இருக்கும் நாளில், சரியான எண்ணிற் செவியைத் திறந்து வைத்திருப்பாராக.